வழித்தொண்டு

வழிநடப்பார்க்கு நிழலும் நீரும் உதவுதல் பேரறமென்பது நம் முன்னோர் துணிபு. பரளச்சி, திருச்சுழி முதலிய வானம் பார்த்த நிலத்தில் இதன் அருமை நன்கு விளங்கும். அங்கே ஊருணி தூர்ந்தால் வழியும் தூர்ந்ததேயாம்.

திங்களூர் அப்பூதியடிகள், தாம் நேரிற் கண்டிராத திருநாவுக்கரசர் திருப்பெயரால் சாலையும் குளமும் தண்ணீர்ப்பந்தரும் அமைத்தனர். அவ்வரசரோ உழவாரப்படை ஏந்தித் திருமுற்றங்களிற் புல் செதுக்கினர். ஆக்கலும் காத்தலும் ஒருங்கே சிவத்தொண்டென்பது இவ்விருவராற் பெறப்படும்.

பிற்காலத்தே மதுரையை ஆண்ட மங்கம்மாளும் (1689–1706) சேதுபதிகளும் யாத்திரிகர்பொருட்டுச் சாலைகளும் சத்திரங்களும் சமைத்தனர். 1914-இல் பாம்பன் பாலத்தின்மீது புகைவண்டி ஓடத் தொடங்கியபின் சேதுவுக்கு நடந்து செல்வார் அருகினர். சத்திரங்கள் பல கேட்பாரற்றுச் சிதைந்தன. கட்டினார்க்குக் கல்வெட்டுண்டு, காத்தார்க்கு அஃதில்லை. காப்பார் குறைந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் போலும்!

அமெரிக்க நாட்டில் 1937-இல் முற்றுப்பெற்ற அப்பலாச்சியன் நெடுநடைவழி ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் தங்குகுடில்களையும் மரப்பாலங்களையும் ஊதியங் கருதாத் தொண்டர்களே பெரிதும் பழுதுபார்த்தும் புதுக்கியும் வருகின்றனர். உழவாரத் தொண்டு கண்ட நாட்டினராகிய நாம் அவர்க்குப் பின்னிற்றல் தகுமோ?

அன்பர்காள்! புதுமண்டபம் எழுப்பப் பொருள் வேண்டும். பழைய மண்டபத்தின்மேல் முளைத்த அரசங்கன்றைக் களைய இரு கைகளே போதும். இன்று களையாவிடின், நாளை மரம் நிற்கும், மண்டபம் நில்லாது.