இரக்கமல்ல, கடன்

போரில் உறுப்பிழந்தவருக்கு அரசு தரும் உதவித்தொகை இரக்கத்தில் பிறந்தது என்று நம்பத் தோன்றும். இங்கிலாந்தின் வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது. 1588இல் ஸ்பெயினின் ஆர்மடா கடற்படை முறியடிக்கப்பட்ட பிறகு, காயம்பட்ட வீரர்கள் பலர் பிழைக்க வழியின்றி அலைந்தனர். 1593இல், முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஒவ்வொரு தேவாலயப் பங்கும் வாராவாரம் வரி செலுத்த வேண்டும். மாவட்டப் பொருளாளர் அதிலிருந்து உதவித்தொகை வழங்குவார். சாதாரணச் சிப்பாய்க்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 10 பவுண்டு, லெப்டினன்டுக்கு 20 பவுண்டு. காயத்தோடு பதவியும் எடைபோடப்பட்டது. உதவியைக் கண்டு பிறரும் போருக்கு முன்வர வேண்டும் என்ற நோக்கத்தைச் சட்டமே ஒளிக்காமல் சொன்னது.

அப்படியானால் நன்றியுணர்வே இல்லையா? இருந்தது, வீரர் தம் தொண்டுக்குரிய பலனைப் பெற வேண்டும் என்றும் அதே சட்டம் கூறியது. ஆனால் அந்த நன்றிக்கு எல்லை உண்டு என்பதை மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே மூண்ட உள்நாட்டுப் போர் காட்டியது. 1640களில் நாடாளுமன்றம் தன் வீரர்களையும் அவர்களின் விதவைகளையும் ஆதரித்தது. இடையில் ஒழிக்கப்பட்ட மன்னராட்சி திரும்பியபின் வந்த 1662ஆம் ஆண்டுச் சட்டமோ மன்னருக்காகப் போரிட்டவர்களுக்கே கைகொடுத்தது. காயம் ஒன்றுதான், கட்சிதான் வேறு. ஆயினும் தொண்டுக்கு ஈடாகப் பலன் என்ற இந்தப் பேரத்தால் ஒரு நன்மை விளைந்தது. பிச்சையை உரிமையோடு கேட்க முடியாது, கடனைக் கேட்கலாம். மாவட்ட நீதிபதிகளின் காலாண்டு அமர்வுகளில் ஊனமுற்ற வீரர்கள் மனு கொடுத்தது அந்தத் துணிவில்தான்.