கம்பியில்லா நுண்கட்டுப்படுத்திப் பலகைத் தெரிவு

கம்பியில்லா நுண்கட்டுப்படுத்திப் பலகை என்பது நுண்கட்டுப்படுத்தி, வானொலி அலை அனுப்பி-வாங்கி, அலைவாங்கி, மின்னழுத்தச் சீராக்கி ஆகியவற்றை ஒரே சுற்றுப் பலகையில் கொண்ட மின்னணுக் கருவி ஆகும். இதனைத் தெரிவு செய்யும்போது செயலியின் வேகத்தைவிடத் தொலைவு, மின்வழங்கல், அனுமதிக்கப்பட்ட அதிர்வெண் ஆகிய மூன்றுமே முதன்மையாகக் கருதப்பட வேண்டியவை.

சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய இடங்களில் பல வீடுகளில் தரைக்கடியில் ஒரு தொட்டியும் (சம்ப்) மொட்டைமாடியில் ஒரு மேல்நிலைத் தொட்டியும் உள்ளன. மேல்தொட்டியின் நீர்மட்டத்தை அளந்து கீழேயுள்ள மோட்டாரை இயக்கும் அமைப்பு இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

பரவலான பலகைகள்

* இஎஸ்பி8266: சாங்காயின் எசுபிரெசிப் நிறுவனம் 2014இல் வெளியிட்ட சில்லு. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் உண்டு. ஒப்புமை உள்ளீடு ஒன்றே. நோட்எம்சியூ பலகையில் இச்சில்லு அமைந்துள்ளது.
* இஎஸ்பி32: 2016இல் வெளிவந்தது. 240 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் இரு கருக்களும், வைஃபையுடன் புளூடூத்தும் கொண்டது. வைஃபை இயங்கும்போது இதன் இரண்டாம் ஒப்புமை-எண்ணிம மாற்றியைச் சார்ந்த முனைகளைப் பயன்படுத்த இயலாது.
* ராசுபெரி பை பைக்கோ டபிள்யூ: 2022இல் வெளிவந்தது. 264 கிலோபைட்டு நினைவகம் கொண்டது. மைக்ரோபைத்தான் மொழியில் எளிதாக நிரலிடலாம்.

மேற்கண்ட எடுத்துக்காட்டுக்கு இம்மூன்றும் போதுமானவை. நீர்மட்டத்தைச் சில நொடிகளுக்கு ஒருமுறை அளப்பதற்கு வேகமான செயலி தேவையில்லை.

தொலைவு

கம்பி வலுவூட்டிய கற்காரைத் தளமும் தொட்டியிலுள்ள நீரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளைப் பெரிதும் மட்டுப்படுத்துகின்றன. எனவே பலகையைத் தொட்டியின் மறைவில் வைக்காமல், உணரியை மட்டும் தொட்டியில் பொருத்தி, பலகையை மாடிப்படி அருகே வைப்பது நல்லது. இஎஸ்பி வகைப் பலகைகள் இஎஸ்பி-நவ் என்னும் நெறிமுறை வழியே வைஃபை திசைவி இன்றியே ஒன்றுடன் ஒன்று பேச வல்லவை. மின்தடையில் திசைவி நின்றாலும் இத்தொடர்பு பாதிக்கப்படுவதில்லை.

வீட்டிலிருந்து நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளியுள்ள ஆழ்துளைக் கிணற்றுக்கு லோரா வகைப் பலகை ஏற்றது.

அதிர்வெண் விதிகள்

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையும் 865-867 மெகாஹெர்ட்ஸ் பட்டையும், குறிப்பிட்ட திறன் வரம்புகளுக்கு உட்பட்டு, 2005ஆம் ஆண்டு முதல் உரிமம் இன்றிப் பயன்படுத்தத் தக்கவை. அமெரிக்காவுக்கென விற்கப்படும் 915 மெகாஹெர்ட்ஸ் லோரா பலகை இப்பட்டையில் அடங்காது. ஆதலால் வாங்கும் முன் பலகையின் அதிர்வெண்ணைச் சரிபார்த்தல் இன்றியமையாதது.

மின்வழங்கல்

இஎஸ்பி8266 வைஃபையில் தொடர்ந்து இயங்கும்போது ஏறத்தாழ 70 மில்லிஆம்பியர் எடுக்கிறது. 2000 மில்லிஆம்பியர்-மணி மின்கலம் ஒரு நாளைச் சற்றே தாண்டும். ஆழ்துயில் நிலையில் சில்லின் தேவை ஏறத்தாழ 20 மைக்ரோஆம்பியராகக் குறைகிறது. எனினும் பலகையிலுள்ள யூஎஸ்பி மாற்றிச் சில்லும் சீராக்கியும் துயில்வதில்லை. மின்கலத்தில் நெடுநாள் இயங்க வேண்டுமெனில் சில்லின் தரவுத்தாளை விடப் பலகையின் மொத்த மின்னோட்டத்தையே நோக்க வேண்டும்.

இப்பலகைகளின் முனைகள் 3.3 வோல்ட்டில் இயங்குபவை. எச்சி-எசுஆர்04 மீயொலி உணரியின் 5 வோல்ட்டு வெளியீட்டை 1 கிலோஓம், 2 கிலோஓம் மின்தடையங்களால் ஆன மின்னழுத்தப் பகுப்பான் வழியே 3.3 வோல்ட்டாக்கி இணைக்க வேண்டும்.

பாதுகாப்பு

ஒரு குதிரைத்திறன் மோட்டார் தொடங்கும்போது, இயங்கும் மின்னோட்டத்தைப் போல் பல மடங்கு எடுக்கிறது. 10 ஆம்பியர் எனக் குறிக்கப்பட்ட சிறிய ரிலேயின் தொடுமுனைகள் இதனால் ஒட்டிக்கொள்ளக்கூடும். அப்போது நிரல் நிறுத்தச் சொன்னாலும் மோட்டார் நிற்காது. ஆகவே ரிலே ஒரு காண்டாக்டரை இயக்க, காண்டாக்டர் மோட்டாரை இயக்குமாறு அமைக்கப்படுகிறது. 230 வோல்ட்டு இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும்.

மேல்தொட்டியிலிருந்து குறிப்பிட்ட நேரத்திற்குள் செய்தி வராவிடில் மோட்டார் தானே நிற்குமாறு நிரலிடுதல் வேண்டும். எந்தப் பலகையைத் தெரிவு செய்தாலும் கம்பியில்லாத் தொடர்பு ஒருநாள் அறுபடும் என்பதே இவ்வடிவமைப்பின் அடிப்படைக் கருதுகோள் ஆகும்.

கிடைக்குமிடம்

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு இத்தகைய உதிரிப்பாகங்களுக்கான முதன்மைச் சந்தை ஆகும். அம்பத்தூர், ஆவடி வாசிகள் புறநகர் மின்தொடர்வண்டியில் சென்ட்ரல் வந்து அங்கு செல்லலாம்.