லேபா, கோல்டனா? ஒரு துப்பாக்கியில் தொடங்கிய கதை

"லேப் வாங்கலாமா, கோல்டன் வாங்கலாமா?" வேலைக்குச் சேர்ந்து, தனி ஃப்ளாட் எடுத்து, கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் நம்ம வயசு ஆட்கள் கேட்கிற கேள்வி இது. இணையத்தில் தேடினால் முடி, சாப்பாடு, விலைன்னு ஒரு அட்டவணை கிடைக்கும். ஆனா இந்த ரெண்டு நாயும் எந்த வேலைக்காக உருவாச்சுன்னு தெரிஞ்சா, கேள்வியே மாறிடும். அதனால இன்னைக்கு 19-ம் நூற்றாண்டு பிரிட்டனுக்குப் போவோம்.

முதல்ல துப்பாக்கி. பழைய துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் குழலின் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் இடித்து நிரப்பணும். 1850-களுக்குப் பிறகு, பின்பக்கம் திறந்து தோட்டா போடும் துப்பாக்கி பரவியது. சுடும் வேகம் கூடியது. பணக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள், ஆட்கள் புதரைத் தட்டிப் பறவைகளை அவங்க பக்கம் விரட்டுவார்கள். இதுதான் அப்போதைய ஃபேஷன். பறவைகள் நிறைய விழுந்தன. தூரத்தில், முட்புதரில், குளத்துக்குள்ளே. அதையெல்லாம் தேடி எடுத்து வர ஒரு ஆள் வேணும் இல்லையா? அந்த ஆள்தான் ரிட்ரீவர். பேருக்கு அர்த்தமே 'எடுத்து வருவது'தான்.

நம்ம பாஷையில் சொன்னா, க்ளையன்ட் கொடுத்த ரெக்வயர்மென்ட் தெளிவா இருந்தது. நாள் முழுக்க ஓடினாலும் சோரக் கூடாது. குளிர்ந்த தண்ணீரில் தயங்காமல் குதிக்கணும். பறவையைக் குதறாமல் மெல்லக் கவ்வி வரணும். மனுஷன் கை காட்டினா புரிஞ்சுக்கணும். இந்த ஒரே ரெக்வயர்மென்டுக்கு ரெண்டு இடத்தில் ரெண்டு விடை கிடைத்தது.

லேப்ரடாரின் முன்னோர் மீனவர் வீட்டு நாய். ஊர், கனடா பக்கம் இருக்கிற நியூஃபவுண்ட்லாந்து தீவு. பேர் மட்டும் பக்கத்து லேப்ரடாரின் பேர்! அங்கே செயின்ட் ஜான்ஸ் நாய்ன்னு ஒரு வகை. கொக்கியிலிருந்து நழுவிய மீனைப் பிடிக்கும், கயிற்றை இழுத்து வரும். மீன் ஏற்றி வந்த கப்பல்களில் இந்த நாய்களும் இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துக்கு வந்தன. பக்கத்தில் இருந்த மாம்ஸ்பரி பிரபு குடும்பம் அவற்றை வாங்கி வளர்த்தது. 1880-களில் அந்தக் குடும்பம் ஸ்காட்லாந்தின் பக்ளூ பிரபுவுக்குச் சில நாய்களைக் கொடுத்தது. இன்றைய லேபின் அடித்தளம் அதுதான். 1903-ல் பிரிட்டனின் கென்னல் கிளப் அதைத் தனி இனமாக ஏற்றது. மூதாதையான செயின்ட் ஜான்ஸ் நாய் இன்று உலகத்தில் இல்லை.

கோல்டன் கதை இதுக்கு நேரெதிர். அது ஒரே ஆளின் ப்ராஜெக்ட். டட்லி மார்ஜோரிபேங்க்ஸ், பின்னாளில் ட்வீட்மவுத் பிரபு. 1865-ல் பிரைட்டன் நகரில் நூஸ் என்ற நாயை வாங்கினார். கறுப்புக் குட்டிகளுக்கு நடுவே பிறந்த ஒரே மஞ்சள் குட்டி அதுன்னு சொல்வாங்க. ஸ்காட்லாந்தில் இருந்த தன் கிசாகன் எஸ்டேட்டில் அதை பெல் என்ற ட்வீட் வாட்டர் ஸ்பானியலோடு சேர்த்தார். 1868-ல் மஞ்சள் குட்டிகள் பிறந்தன. பூக்களின் பேர் வைத்தார்: க்ரோகஸ், கௌஸ்லிப், ப்ரிம்ரோஸ்.

ஆனா ரொம்ப காலம் ஊர் நம்பினது வேற கதை: ரஷ்ய சர்க்கஸ் ஒன்றிலிருந்து அவர் மொத்தமா வாங்கின நாய்கள்தான் கோல்டனின் மூதாதையர்னு. 1952-ல் அவர் கையால் எழுதி வைத்திருந்த பதிவேட்டின் விவரங்கள் வெளியானதும் அந்தக் கதை உடைந்தது. எந்த நாய், எந்த வருஷம், யாருக்குப் பிறந்தது, எல்லாம் அதில் இருந்தது. டாக்குமென்டேஷன் முக்கியம் மக்களே!

இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம். ரெண்டும் ஒரே வேலைக்குப் பிறந்தவை. அதனால 'எது அமைதியான நாய்'ன்னு கேட்டால் பதில், ரெண்டும் இல்லை. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓட்டமும் விளையாட்டும் இல்லாவிட்டால், அந்தச் சக்தி சோபாவிலும் செருப்பிலும் போய் இறங்கும். ஒன்பது மணி நேரம் பால்கனியில் கட்டிப்போட்டு, ஒரு வயசு ஆனதும் 'நல்ல வீடு தேடுகிறோம்'னு ஸ்டேட்டஸ் போடுறோமே, அதில் நாயின் தப்பு எதுவும் இல்லை. 150 வருஷமா அதுகிட்ட ஓடச் சொன்னது நாமதான்.

வித்தியாசமே இல்லையா? இருக்கு. லேபுக்குப் பசி. 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், கால்வாசி லேப்களிடம் பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு காணாமல் போயிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்த நாய்களுக்கு உணவு மேல் ஆசை அதிகம், எடையும் அதிகம். கோல்டன்களில் அந்த மாற்றம் தென்படவில்லை. பாட்டி இருக்கிற வீட்டில், 'ஐயோ பாவம், பாக்குதே'ன்னு இட்லி போடும் வீட்டில், லேபைச் சமாளிக்கக் கட்டுப்பாடு வேணும். அதே பசிதான் சாப்பாட்டைக் காட்டிப் பழக்குவதையும் சுலபமாக்குது.

கோல்டனுக்கு முடி. ஸ்காட்லாந்து குளிருக்கு வளர்ந்த நீண்ட ரெட்டைப் போர்வை அது. சென்னை மாதிரி வெயிலும் ஈரக்காற்றும் சேர்ந்த ஊரில் அடிக்கடி சீவணும், குளிச்சா நல்லாக் காய வைக்கணும், இல்லாட்டி தோலில் புண் வரும். லேபுக்கும் ரெட்டைப் போர்வைதான், ஆனா குட்டை முடி. ரெண்டுக்குமே நடை, வெயில் ஏறும் முன்னாடி. புற்றுநோய் கோல்டனில் பெரிய கவலை. அமெரிக்காவில் 2012 முதல் 3,000-க்கும் மேற்பட்ட கோல்டன்களை வாழ்நாள் முழுக்கப் பின்தொடரும் ஆய்வே நடக்குது. இடுப்பு மூட்டுத் தேய்மானம் ரெண்டுக்கும் வரும். அதனால குட்டியின் அழகைப் பார்க்கும் முன்னாடி தாய், தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரே கேளுங்க. விற்பவர் மழுப்பினா, கிளம்பிடுங்க.

என் பதில் இதுதான். சீவ நேரமும் பொறுமையும் இருந்தா கோல்டன். சாப்பாட்டுத் தட்டைக் காக்கும் மன உறுதி இருந்தா லேப். தினமும் ரெண்டு மணி நேரம் இல்லையா? இப்போதைக்கு ரெண்டும் வேண்டாம். முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு மாசம் காலையும் மாலையும் நாய் இல்லாமலே நடந்து பாருங்க. மழை நாளிலும், ரிலீஸ் நாளிலும். முடிஞ்சா, அப்புறம் குட்டியைப் பார்க்கப் போங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.