எஸ்போசித்தோ: ஒரு பெயரின் வரலாறு



இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் மிகுதியாக வழங்கும் குடும்பப்பெயர் 'எஸ்போசித்தோ'. 'வெளியே வைக்கப்பட்டவர்' எனப் பொருள்படும் 'எக்ஸ்போசித்துஸ்' என்னும் இலத்தீன் சொல்லே இதன் வேர்.

வறுமையாலோ பழிக்கு அஞ்சியோ வளர்க்க இயலாத குழந்தையை, அந்நகரின் மங்கள வார்த்தை அன்னை ஆலயத்தைச் சார்ந்த இல்லத்தின் சுவரிலிருந்த சுழல்பெட்டியில் வைத்துச் செல்வர். உள்ளிருப்போர் அதைச் சுழற்றிக் குழந்தையை எடுத்துக்கொள்வர். வைத்தவர் முகம் எவருக்கும் தெரியாது. தந்தை பெயர் அறியப்படாத அக்குழந்தைகளுக்கு இப்பெயர் இடப்பட்டது.

பெயரே பிறப்பைக் காட்டிக்கொடுத்து இழிவு சேர்த்ததால், 19ஆம் நூற்றாண்டில் இவ்வழக்கம் தடைசெய்யப்பட்டது. சுழல்பெட்டியும் 1875இல் மூடப்பட்டது. அங்கு விடப்பட்ட குழந்தைகளுள் பலர் பிழைக்கவில்லை. பிழைத்தோர் மணம்புரிந்து, மக்களைப் பெற்று, பெருகினர். இன்று இத்தாலி முழுவதிலும் மிகப் பரவலான குடும்பப்பெயர்களுள் இதுவும் ஒன்று.

குழந்தையை விட்டுச்சென்ற கையை மட்டுமே இப்பெயர் நினைவுகூர்கிறது. சுவருக்கு உள்ளே ஏந்திக்கொண்ட கைகளுக்கோ, அப்பெயரைத் தாங்கி இன்று தலைநிமிர்ந்து வாழும் தலைமுறைகளே சாட்சி. ஒருவரின் பெயரைக் கேட்டு அவர் பிறப்பை அளக்க முற்படும்போதெல்லாம் இதனை நாம் நினைவிற்கொள்வோம்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை