கமே: ஊர் தந்த பெயர்

பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தில், சேன்-ஓபன் ஊராட்சிக்குள் அடங்கிய சிற்றூர் கமே. போஜொலே மலைச்சரிவுகளின் இலகுவான சிவப்பு ஒயினுக்கு உயிரான திராட்சைக்கு இவ்வூரின் பெயரே நிலைத்தது என்பது பலரும் ஏற்கும் கருத்து. ஆனால் இன்று சேன்-ஓபன் என்ற பெயரில் வரும் ஒயினில் அந்தத் திராட்சைக்கு இடமில்லை. சிவப்புக்குப் பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்தொனே என்பவையே அங்கே முதன்மை.

பெயர் ஊரை விட்டுப் பிரிந்த கதை பழையது. 1395 ஜூலை 31 அன்று பர்கண்டிக் கோமகன் பிலிப், இந்தக் கொடியை வெட்டி எறியும்படி ஆணையிட்டார். ஆணையில் பெயர் ‘காமெஸ்’ என்ற பழைய எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. கூடவே மிகக் கெட்டது, விசுவாசமற்றது என்ற இரண்டு வசைகள். முதல் வசை எந்தப் பயிருக்கும் பொருந்தும். இரண்டாவது, ஆண்டான் தன் குடியைப் பார்த்துச் சொல்வது. பினோ காய்ப்பு குறைவு, வளர்ப்பதும் கடினம். கமேயோ முன்னதாகப் பழுத்து அள்ளிக் கொடுக்கும். உழவர் விரும்பியது அதனால்தான். பர்கண்டி ஒயினின் மதிப்பு சரியும் என்று கோமகன் அஞ்சியதும் அதனால்தான். உழவரின் பக்கம் நின்று பார்த்தால் அந்த வசையில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

தெற்கே, போஜொலேயின் கருங்கல் மண்ணில் கொடி நன்றாக ஊன்றியது. அதன் முழுப்பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘வெண்சாறுள்ள கருப்புக் கமே’ என்று வழங்குகிறார்கள். சதையும் சிவந்த கமே வகைகள் உண்டு. அவற்றிலிருந்து பிரித்துக் காட்டவே இந்த அடைமொழி. இதில் நிறம் தோலில் மட்டும்தான். தோலோடு சில நாளே ஊறவிட்டால் ஒயின் வெளிறிய சிவப்பாக, துவர்ப்புக் குறைந்து வரும்.

1999-இல் வெளிவந்த மரபணு ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. கமேயின் பெற்றோர் பினோவும், குவே பிளாங் என்ற எளிய வெள்ளைத் திராட்சையும். கோமகன் போற்றி வளர்த்த கொடியின் பிள்ளையைத்தான் அவர் விரட்டியிருக்கிறார்.

பெயருக்கு மரியாதையை மீட்டவர்களில், போஜொலேயின் வில்லியே-மோர்கோன் ஊரைச் சேர்ந்த மார்செல் லாப்பியேர் முதன்மையானவர். 1973-இல் குடும்பத் தோட்டத்தை ஏற்றார். ஒயின் வணிகரும் வேதியியலாளருமான ஜூல் ஷோவேயின் வழியில், வாங்கிய ஈஸ்ட்டையும் சேர்க்கும் சர்க்கரையையும் விட்டார். கந்தகத்தை மிகக் குறைத்தார், சில ஒயின்களில் அறவே தவிர்த்தார். அவர் செய்ததுபோல் குலைகளை நசுக்காமல் முழுதாகத் தொட்டியில் இட்டால், கரியமில வாயு சூழ்ந்த பழத்துக்குள்ளேயே நொதித்தல் தொடங்கும். செர்ரி மணமும் லேசான உடலும் அப்படி வருகின்றன. ஷான் ஃபொயார், கீ ப்ரெத்தோன், ஷான்-போல் தெவ்னே ஆகியோரும் அதே வழியில் நடந்தார்கள். ஆயினும் அவர்கள் புட்டிகளில் பெரிதாக நிற்பது ‘மோர்கோன்’ என்ற ஊர்ப்பெயரே.

கடல் கடந்த இடத்தில் பெயர் பொருளையே இழந்தது. கலிபோர்னியாவில் ‘கமே போஜொலே’ என்று விற்றது பினோ நுவாரின் ஒரு வகை. ‘நாபா கமே’ என்றது வால்டிகியே என்ற வேறு திராட்சை. 2007 முதல் ‘கமே போஜொலே’ என்ற பெயரை முகப்புச் சீட்டில் போட அமெரிக்காவில் தடை. ஒரிகனில் உண்மையான கமேயை வளர்க்கும் சிறு தோட்டக்காரர்கள் இப்போது ‘கமே நுவார்’ என்றே எழுதுகிறார்கள்.