லேமுவேலின் தாய் கற்பித்த தெளிவு: நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தில் மதுவிலக்கமும் நீதியும் நற்குணமும்

ஆய்வுச்சுருக்கம்

விவிலிய ஞான இலக்கியத்தில் மதுவைக் குறித்து வரும் அறிவுரைகள் பெரும்பாலும் தனிமனித ஒழுக்கம் சார்ந்தவையாகவே எடுத்துரைக்கப்பட்டு வந்துள்ளன. நீதிமொழிகள் 31ஆம் அதிகாரம் வேறோர் அடிப்படையை முன்வைக்கிறது. தீர்ப்பளிக்கும் அதிகாரம் உடையவன் தெளிவை இழந்தால் வறியவரின் உரிமை அழியும் என்பதே அது கூறும் காரணம். இவ்வறிவுரையின் வரலாற்றுப் பின்னணியையும், அதே அதிகாரத்தின் பிற்பகுதியில் இடம்பெறும் குணசாலியான பெண்ணைப் பற்றிய பாடலோடு அதற்குள்ள சொல்லுறவையும், தமிழ்ப் பெயர்ப்பில் அவ்வுறவு அடைந்த மாற்றத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நீதிமொழிகள், லேமுவேல், மதுவிலக்கம், ஞான இலக்கியம், நீதி, விவிலிய மொழிபெயர்ப்பு.

முன்னுரை

நீதிமொழிகள் ஒரே காலத்தில் ஒருவரால் இயற்றப்பட்ட நூலன்று. பல தொகுப்புகள் சேர்ந்து உருவான நூல். யூதாவின் அரசன் எசேக்கியாவின் ஆட்கள் ஒரு பகுதியைப் படியெடுத்தனர் என்று அந்நூலே கூறுகிறது (25:1). இந்நூல் மதுவை முற்றாக வெறுப்பதில்லை. ஆலைத்தொட்டிகளில் திராட்சைமது பொங்கி வழிவது இறையருளின் அடையாளமாகச் சொல்லப்படுகிறது (3:10). ஞானம் என்னும் பெண் தன் விருந்துக்கு மது கலந்து வைக்கிறாள் (9:2). மறுபுறம், மது ஏளனம் செய்வது என்றும் (20:1), குடியரும் பெருந்தீனிக்காரரும் வறுமையுறுவர் என்றும் (23:20–21) அதே நூல் எச்சரிக்கிறது. இவ்விரு நிலைகளையும் முரண் என்று ஒதுக்காமல், யாருக்கு, எந்தப் பொறுப்பில் இருக்கும்போது, எக்காரணத்தால் மது விலக்கப்பட்டது என்று வினவினால் நூலின் நோக்கம் தெளிவாகும். அதற்கு மிகவும் துணைசெய்வது லேமுவேல் என்னும் அரசனுக்கு அவன் தாய் கூறிய அறிவுரையாகும் (31:1–9).

மதுவும் அதிகாரமும்

பண்டைய இஸ்ரயேலில் திராட்சைமது எளியோரின் வேளாண்விளைபொருளாகவும் அரசின் வருவாய்ப்பொருளாகவும் இருந்தது. 1910ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில் சமாரியாவின் அரண்மனைப் பகுதியிலிருந்து மையால் எழுதப்பட்ட பானையோட்டுச் சில்லுகள் கிடைத்தன. கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவற்றில் சுற்றுப்புற ஊர்களிலிருந்து தலைநகருக்கு வந்த பழைய மதுவும் எண்ணெயும் பதிவாகியுள்ளன. கிபியோன் எனக் கருதப்படும் எல்–ஜிப் என்னும் ஊரில் 1950களில் ஜேம்ஸ் பிரிச்சர்டு நடத்திய அகழாய்வு, மதுச்சாடிகளைக் குளிர்ச்சியாக வைக்கப் பாறையில் குடையப்பட்ட அறுபதுக்கும் மேற்பட்ட குழிகளை வெளிப்படுத்தியது. ஊர்களில் விளைந்த மது தலைநகரின் மேல்தட்டினரைச் சென்றடைந்ததை சமாரியாச் சில்லுகள் காட்டுகின்றன.

அதே நூற்றாண்டின் இறைவாக்கினர் சாடியதும் இம்மேல்தட்டினரையே. தண்டமாகப் பெற்ற மதுவை வழிபாட்டிடத்திலேயே குடிப்போரையும் (ஆமோஸ் 2:8), கிண்ணங்களில் மது அருந்திக்கொண்டு நாட்டின் அழிவுக்கு வருந்தாதோரையும் (6:6) ஆமோஸ் கண்டிக்கிறார். குடிப்பதில் வீரராக இருப்போரே கையூட்டுப் பெற்றுக் குற்றவாளியை விடுவித்து நேர்மையாளரின் உரிமையைப் பறிப்பவர்கள் என்கிறார் ஏசாயா (5:22–23). இவ்விடங்களில் குடி தனித்த குற்றமாகச் சுட்டப்படவில்லை; அநீதியோடு இணைத்தே பேசப்படுகிறது.

விலக்கின் மூன்று அடிப்படைகள்

எபிரேய மறைநூலில் மதுவிலக்கத்துக்கு மூன்று வெவ்வேறு அடிப்படைகள் காணப்படுகின்றன. முதலாவது வழிபாட்டுத் தூய்மை. குருக்கள் சந்திப்புக் கூடாரத்துக்குள் செல்லும்போது மது அருந்தக்கூடாது (லேவியராகமம் 10:9). இரண்டாவது நேர்ச்சையும் குலமரபும். நசரேயர் தம் நேர்ச்சைக் காலம் முழுவதும் திராட்சையின் எவ்விளைபொருளையும் தொடுவதில்லை (எண்ணாகமம் 6:3–4). ரேகாபியர் தம் மூதாதையின் கட்டளைப்படி மதுவை விலக்கினர் (எரேமியா 35). மூன்றாவது ஞானியர் காட்டும் அடிப்படை. அது சடங்கையோ நேர்ச்சையையோ சார்ந்ததன்று. செயலின் விளைவைக் கண்டு எழும் பட்டறிவைச் சார்ந்தது.

இப்பட்டறிவு இஸ்ரயேலுக்கு மட்டும் உரியதன்று. எகிப்தின் ‘அனியின் அறிவுரை’ மிகையாகப் பீர் குடிப்பவன் தான் பேசுவதை அறியாமல் பேசுவதையும், விழுந்தவனுக்குக் கைகொடுக்க எவரும் வராமையையும் எடுத்துக்காட்டுகிறது. ‘அமெனெமோபேயின் அறிவுரை’க்கும் நீதிமொழிகள் 22:17–23:11 பகுதிக்கும் உள்ள நெருங்கிய ஒப்புமையை அடால்ஃப் எர்மன் 1924இல் நிறுவினார். அவ்வொப்புமையை உள்ளடக்கிய தொகுப்பிலேயே குடியனைப் பற்றிய சிறுபாடலும் (23:29–35) இடம்பெறுகிறது. அப்பாடல் வினாக்களில் தொடங்கிப் பாம்பின் கடி, கடல்நடுவே பாய்மரத்தின் உச்சியில் துயில்வது ஆகிய உவமைகளின் வழியே சென்று, விழித்தவுடன் மீண்டும் மதுவையே தேடும் குடியனின் குரலில் முடிகிறது. அறிவுரை கூறும் ஆசிரியர் இறுதியில் தண்டனை எதையும் அறிவிக்கவில்லை. குடியனின் சொந்தச் சொல்லே அவன் அடிமைநிலையைக் காட்டப் போதுமானதாக இருக்கிறது.

அரசனின் மறதியும் வறியவனின் மறதியும்

லேமுவேலின் அறிவுரை இம்மூன்றாம் அடிப்படையை அரசவைக்குக் கொண்டு செல்கிறது. லேமுவேல் இஸ்ரயேலின் அரசர் பட்டியலில் இல்லை. முதல் வரியில் வரும் ‘மாசா’ என்னும் சொல்லை ‘இறைவாக்கு’ எனவும் கொள்ளலாம். வட அரேபியக் குலமொன்றின் பெயராகவும் கொள்ளலாம். இஸ்மவேலின் மக்களுள் ஒருவன் பெயர் மாசா (ஆதியாகமம் 25:14). மகனைக் குறிக்க எபிரேய ‘பென்’ என்பதற்குப் பதிலாக ‘பர்’ என்னும் அரமேயச் சொல் மும்முறை வருவதும் (31:2) அயல்நாட்டுத் தொடர்பை உணர்த்துகிறது. பண்டைய அண்மைக்கிழக்கின் அறிவுரை நூல்கள் பொதுவாகத் தந்தை மகனுக்கு உரைப்பனவாக அமைந்தவை. அரசனுக்குத் தாய் உரைக்கும் அறிவுரை என்பதே இப்பகுதியைத் தனித்துக் காட்டுகிறது.

தாயின் வாதம் சுருக்கமானது. அரசர்க்கு ‘யயின்’ என்னும் திராட்சைமதுவும் தகாது. ‘ஷேகார்’ என்னும் பிற மதுவும் தகாது. குடித்தால் அவர்கள் விதிக்கப்பட்டதை மறப்பார்கள். துன்புறுவோர் அனைவரின் வழக்கையும் புரட்டுவார்கள் (31:4–5). உடல்நலம், செல்வம், மானம் ஆகிய எதுவும் இங்கு காரணமாகக் கூறப்படவில்லை. குடிப்பவன் அரசனாயினும் கேடு முதலில் சேர்வது அவன் முன் வழக்குக்காக நிற்பவனுக்கே.

அடுத்த இரு அடிகள் உரையாசிரியர்களை நீண்ட காலமாக வருத்தியவை. அழிந்துகொண்டிருப்பவனுக்கும் மனக்கசப்புற்றவனுக்கும் மது கொடுங்கள்; அவன் குடித்துத் தன் வறுமையை மறக்கட்டும் என்று தாய் தொடர்கிறாள் (31:6–7). அரசனின் மறதியையும் வறியவனின் மறதியையும் குறிக்க எபிரேயத்தில் ஒரே வினைச்சொல் ஆளப்பட்டுள்ளது. இவ்வடிகளை எள்ளலாகக் கொள்வோரும் உளர். இரக்கமாகக் கொள்வோரும் உளர். எவ்வாறு கொண்டாலும் அறிவுரை அங்கு முடியவில்லை என்பது கருதத்தக்கது. பேச இயலாதவனுக்காக உன் வாயைத் திற. சிறுமையுற்றவனுக்கும் ஏழைக்கும் நீதி வழங்கு என்பதே இறுதிக் கட்டளை (31:8–9). மது வறியவனுக்குத் தரக்கூடியது மறதி மட்டுமே. அவனுக்கு வேண்டிய தீர்ப்பைத் தெளிந்த மதியுள்ள அரசன்தான் தர இயலும்.

பிற்கால விளக்கங்கள்

யூத மரபு இவ்வடிகளை நடைமுறை விதிகளாக்கியது. மரணதண்டனைக்கு அழைத்துச் செல்லப்படுபவனின் உணர்வு மரத்துப்போக, சாம்பிராணி கலந்த மது கொடுக்கப்பட்டதையும், எருசலேமின் பெண்கள் அதனை அறமாக வழங்கியதையும் பாபிலோனியத் தல்மூது நீதிமொழிகள் 31:6ஐச் சான்றுகாட்டிக் குறிக்கிறது (சன்ஹெத்ரின் 43அ). லேமுவேலைச் சாலொமோனாகவும் தாயைப் பத்சேபாளாகவும் கொண்டு, குடித்த மகனைத் தாய் தூணில் கட்டிக் கண்டித்ததாகவும் அந்நூல் உரைக்கிறது (சன்ஹெத்ரின் 70ஆ). ‘லோக்’ என்னும் அளவையில் கால்பங்கு மது குடித்தவர் சட்டத்தீர்ப்பு உரைக்கலாகாது என்னும் விதியும் தல்மூதில் உண்டு (எருவின் 64அ). தாய் அரசனுக்கு வகுத்த எல்லை இவ்வாறு தீர்ப்புரைக்கும் அறிஞர் அனைவருக்கும் விரிந்தது.

கி.மு. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ‘சீராக்கின் ஞானம்’ விருந்துக்கூடத்தை முன்னிறுத்தி, அளவோடு அருந்தும் மது வாழ்வளிப்பது என்றும் மிகை சண்டையை விளைப்பது என்றும் கூறுகிறது (31:25–31). 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மதுவொழிப்பு இயக்கத்தில் வினா மேலும் மாறியது. 1840களில் மோசஸ் ஸ்டூவர்ட் போன்றோர், விவிலியம் போற்றும் மது புளிக்காத சாறே என்று வாதிட்டனர். மது எத்தகையது, எவ்வளவு குடிக்கலாம் என்னும் வினாக்கள் முன்னுக்கு வந்தபோது, தெளிவிழந்தவனின் முன் நிற்கும் ஏழை யார் என்னும் தாயின் வினா பின்னுக்குச் சென்றது.

தெளிவிலிருந்து நற்குணத்துக்கு

31ஆம் அதிகாரத்தின் எஞ்சிய பகுதி எபிரேய அகரவரிசையில் அமைந்த இருபத்திரண்டு அடிகளால் ஒரு பெண்ணின் சிறப்பைப் பாடுகிறது (31:10–31). எழுபதின்மர் கிரேக்க மொழிபெயர்ப்பில் லேமுவேலின் பகுதிக்கும் இப்பாடலுக்கும் இடையில் 25 முதல் 29 வரையுள்ள அதிகாரங்கள் வருகின்றன. மரபுவழி எபிரேயப் பாடத்தில் மட்டுமே இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆகவே இவ்வடைவைத் தொகுப்போரின் முடிவாகக் கருத இடமுண்டு.

அதற்குச் சொற்களும் சான்றளிக்கின்றன. ‘உன் ஹயிலைப் பெண்களுக்குக் கொடாதே’ என்னும் பொருளில் தாய் மகனை எச்சரிக்கிறாள் (31:3). பாடல் போற்றும் பெண்ணோ ‘ஹயில்’ உடையவள் (31:10). வலிமை, ஆற்றல், தகுதி, செல்வம் என விரியும் இச்சொல் போர்வீரரைக் குறிக்கவும் பயன்படுவது. அரசன் வாயைத் திறக்க வேண்டும் (31:8–9). அவள் ஞானத்தோடு வாயைத் திறக்கிறாள் (31:26). அரசன் ‘ஆனி’, ‘எவ்யோன்’ எனப்படும் சிறுமையுற்றவனுக்கும் ஏழைக்கும் நீதி வழங்க வேண்டும் (31:9). அதே இருவரை நோக்கி அவள் கைகள் நீள்கின்றன (31:20). மது அருந்தாதே என்னும் விலக்கு அரசனுக்கு எதைச் செய்யும் ஆற்றலைக் காத்ததோ, அதை நாள்தோறும் செய்பவளாக இப்பெண் காட்டப்படுகிறாள். அவள் தன் உழைப்பின் பயனால் திராட்சைத் தோட்டமும் நடுகிறாள் (31:16). கொடியை வெட்டியெறிவது இவ்வதிகாரத்தின் நோக்கமன்று. கொடியின் பயன் அறிவையும் அறத்தையும் வெல்லாதிருப்பதே நோக்கம்.

தமிழ்ப் பெயர்ப்பில் சொல்லுறவு

ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்தி 1871இல் வெளிவந்த தமிழ்ப் பெயர்ப்பு, இவ்வுறவுகளில் ஒன்றைக் காத்தும் மற்றொன்றை இழந்தும் உள்ளது. அரசனுக்கும் வறியவனுக்கும் ‘மற’ என்னும் ஒரே வினை ஆளப்பட்டிருப்பதால் மூலத்தின் எதிர்நிலை தமிழிலும் புலனாகிறது. ‘ஹயில்’ என்பதோ அரசனிடம் ‘பெலன்’ என்றும் பெண்ணிடம் ‘குணசாலி’ என்றும் பிரிந்தது. இதனால் ஆற்றல் ஆணுக்கும் குணம் பெண்ணுக்கும் உரியன என்னும் பகுப்பு மூலத்தில் இல்லாமலே தமிழ் வாசகருக்குத் தோன்ற இடமேற்பட்டது. ‘யயின்’ என்பதற்கு வழங்கும் ‘திராட்சரசம்’ என்னும் சொல்லும் புளித்த மதுவையும் புளிக்காத சாற்றையும் வேறுபடுத்துவதில்லை. புதிய ஏற்பாட்டில் மது மயக்கமின்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்குத் ‘தெளிந்த புத்தி’ என்னும் தொடர் அமைந்தது (1 பேதுரு 5:8). அத்தொடர் குடத்தை விட்டு அறிவை நோக்கிப் பொருளை நகர்த்துகிறது. லேமுவேலின் தாய் கருதிய தெளிவுக்கு இதுவே நெருங்கியது.

முடிவுரை

நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தில் மதுவிலக்கம் தனிமனிதத் தூய்மையின் அடையாளமாக வைக்கப்படவில்லை. பிறர் வாழ்வைத் தீர்மானிக்கும் பொறுப்புள்ளவன் தன் நினைவைக் காத்துக்கொள்ள வேண்டிய கடமையாக வைக்கப்பட்டுள்ளது. அக்கடமையின் நிறைவு குடியாதிருப்பதோடு அமைவதில்லை. ஏழைக்காகத் திறக்கும் வாயிலும் நீளும் கையிலும் அது முழுமை பெறுகிறது. குடிப்பவனின் கேட்டை மட்டும் எடுத்துரைக்கும் விளக்கங்கள் இவ்வதிகாரத்தின் பாதியையே கூறுவனவாகும். ‘ஹயில்’ என்னும் ஒரு சொல்லின் இருவேறு தமிழ் வடிவங்களை ஒருங்கே வைத்துப் படிக்கும்போது, தெளிவும் நற்குணமும் ஒரே ஆற்றலின் இரு செயல்கள் என்பது தமிழ் வாசகருக்கும் விளங்கும்.