சிங்கமும் மனிதனும்

சுவர் சூழ்ந்த வட்ட அரங்கில் ஒரு மனிதன், ஒரு சிங்கம். இருவருக்கும் ஒரே வேகம், களைப்பில்லை. சிங்கம் அவனைப் பிடிக்குமா? ரிச்சர்ட் ராடோ எழுப்பிய இப்புதிருக்கு, பிடித்துவிடும் என்றே பல்லாண்டுகள் நம்பப்பட்டது. மையத்தையும் மனிதனையும் இணைக்கும் ஆரத்தின்மேலேயே சிங்கம் நகர்ந்து வந்தால் போதும் என்பது வாதம். நாமும் தலையசைத்திருப்போம்.

1952-இல் பெசிகோவிச் அதைக் கவிழ்த்தார். மனிதன் அந்த ஆரத்துக்குச் செங்குத்தாக, சிங்கம் இல்லாத பக்கம் நோக்கி ஓடவேண்டும். 1/2, 1/3, 1/4 என்ற விகிதத்தில் குறுகும் ஓட்டங்களாக, ஒவ்வொன்றின் முடிவிலும் திசையைத் திருத்திக்கொண்டு. அவற்றின் கூட்டுத்தொகைக்கு முடிவில்லை. ஆகவே ஓட்டம் ஓய்வதில்லை. மையத்திலிருந்து விலகும் தொலைவோ அவற்றின் வர்க்கங்களைச் சார்ந்தது. அத்தொகை எல்லைக்குள் அடங்குவதால் சுவரிலும் முட்டான். சிங்கம் நெருங்கலாம், தொடவியலாது. (விடை கண்டவர் 1924-இல் சோவியத் நாட்டைவிட்டும், வினவியவர் 1933-இல் நாஜி ஜெர்மனியைவிட்டும் வெளியேறியவர்கள் என்பதை நம்மால் மறக்க இயலவில்லை.)

இன்னொரு சிங்கம் நுழைந்தால் மனிதன் தப்பமாட்டான். கோளத்துக்குள் பறக்கும் ஈயைப் பிடிக்கவோ இரண்டு பறவைகள் போதா, மூன்று வேண்டும் என்று 1964-இல் கிராஃப்ட் காட்டினார். அரங்கில் ஏரிகள் இருந்தால்? இரு சிங்கங்களிடமிருந்தும் என்றென்றும் தப்பக்கூடிய அத்தகைய நிலப்பரப்பொன்றை 2017-இல்தான் வரைந்து காட்டினர்.